மலைச்சாரலில் ஒரு கொடித் தோட்டம்



திராட்சையை நினைத்தால் இலங்கையிலுள்ள நமக்கு யாழ்ப்பாணமே நினைவுக்கு வரும். திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் முதலிய ஊர்களில் செம்மண் நிலத்திலே பந்தலிட்டு, கிணற்று நீர் இறைத்து வளர்க்கின்றார்களே, அந்தக் கொடியைச் சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வைத்தால் என்ன என்று மாணவர் ஒருவரின் தந்தையார் என்னிடம் வினவினார். அவருடைய வாதம் எளிதிற் தள்ளத்தக்கதன்று. "ஐரோப்பாவிலே குளிர் நாட்டு மலைச்சரிவுகளில்தானே ஐயா திராட்சை விளைகின்றது? எங்கள் பக்கமும் குளிர்தானே, சரிவுதானே?" என்றார் அவர். இறக்குவானைக்கு மேலும் பலாங்கொடைக்கு மேலும் உள்ள தோட்டங்களில் விடியற்காலையில் கம்பளி போர்த்திக்கொண்டு மலைக்குச் செல்பவர்கள் வேறெவ்வாறு எண்ணுவார்கள்? இவ்வினாவுக்குரிய விடையை ஆராயப் புகுந்தபோது, திராட்சையை விட்டு வேறு பல பொருள்களுக்கும் நான் செல்ல வேண்டியதாயிற்று. அவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

குளிர் என்பது ஒன்றன்று. பிரான்சு, ஜெர்மனி போன்ற நாடுகளின் குளிர் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. மாரிக்காலத்தில் திராட்சைக் கொடி இலையெல்லாம் உதிர்த்து உறங்கிவிடும். வசந்தத்தில் துளிர்க்கும். பின்னர் வரும் கோடையிலே பகல் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக நீளும். அந்த நீண்ட வெயிலிலேதான் பழம் சருக்கரை ஏறிக் கனிகின்றது. நமது மலைநாட்டின் குளிரோ ஆண்டு முழுவதும் ஒரே தன்மையது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. தை மாதத்திற்கும் ஆடி மாதத்திற்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. கொடியை உறங்க வைக்கும் கடுங்குளிரும் அங்கில்லை, பழத்தைக் கனிய வைக்கும் நெடுங்கோடையும் அங்கில்லை.

அவ்வாறாயின் கடுங்குளிரே இல்லாத யாழ்ப்பாணத்தில் எவ்வாறு விளைகின்றது? தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை எவ்வாறு விளைகின்றது? 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. அங்கெல்லாம் மாரிக்காலம் செய்யும் வேலையை மனிதனின் கத்தி செய்கின்றது. கொடியைக் கவாத்து வெட்டுகின்றார்கள். வெட்டுண்ட கொடி உறங்கி எழுந்ததைப்போலத் துளிர்த்துப் பூத்து, ஏறக்குறைய நான்கு மாதங்களிற் பழம் தருகின்றது. கவாத்து என்னும் சொல்லைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு விளக்க நான் யார்!

ஆகவே நமக்குத் தடையாக நிற்பது வெப்பநிலை மட்டுமன்று. மழையே முதன்மையான தடை. யாழ்ப்பாணத்தில் ஓராண்டில் 1,300 மில்லிமீற்றர் அளவிலேயே மழை பெய்யும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து முடிந்துவிடும். இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சுமார் 3,700 மில்லிமீற்றர் பெய்கின்றது. பூக்கும் வேளையில் மழை பெய்தால் திராட்சையின் பூ பிஞ்சாவதில்லை. இலை ஈரம் உலராது இருந்தால் அடிச்சாம்பல் நோய் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து 1878இல் பிரான்சுக்குச் சென்று சேர்ந்த இந்நோய் அந்நாட்டுத் தோட்டங்களைப் பாழாக்கியது. 1885இல் மில்லார்டே என்னும் பேராசிரியர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து அதனை அடக்கலாமென்று காட்டினார். போர்தோ கலவை என்று இன்றும் நாம் வழங்குவது அதுவே. மதுவத்தை என்னும் ஊர்ப்பக்கம் வழிப்போக்கர் பழம் திருடாதிருக்க வழியோரக் கொடிகளில் உழவர்கள் அருவருப்பான நீல நிறக் கலவையைத் தெளித்திருந்ததையும், அக்கொடிகள் மட்டும் நோயின்றி நின்றதையும் கண்டே அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது என்பர். மெதொக் என்று பிரெஞ்சு மக்கள் ஒலிக்கும் அவ்வூர்ப் பெயர் என் நாவில் இவ்வாறு நம் நாட்டுப் பெயராகிவிடுகின்றது; பொறுத்தருள்க.

சப்பிரகமுவ மலையில் திராட்சை வைத்தால் இந்தக் கலவையை ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே ஓயாமல் தெளிக்க நேரும். தெளித்ததை மழை கழுவும். கழுவிய செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைக் கெடுக்கும். சரிவு வழியே இறங்கி, லயத்து மக்கள் குடிக்கவும் குளிக்கவும் நீர் எடுக்கும் ஓடையிலே கலக்கும். வீட்டுத் தாழ்வாரத்தில், மழை படாத வெயில்முகமான சுவரோரத்தில், குழந்தைகளின் மகிழ்ச்சிக்காக ஒரு கொடி வைக்கலாம். வருவாய்க்கென்று ஒரு தோட்டம் வைத்தல் இந்த மலைக்கும் நல்லதன்று, வைப்பவருக்கும் நல்லதன்று.

எனினும் குளிர்நாட்டுத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. கொடி வரிசைகளுக்கு இடையே வேறு உயிர்களுக்கும் இடம் விடுவதே அது. சுவிற்சர்லாந்து நாட்டின் வலே மாநிலத்தில் திராட்சைச் சரிவுகளை ஆராய்ந்த பறவையியலார், புல்லே இல்லாதபடி களைகொல்லி தெளித்த தோட்டத்தைவிட, பாதி புல்லும் பாதி வெறுந்தரையுமாக விட்ட தோட்டத்தையே வானம்பாடி இனத்துப் பறவையொன்று விரும்புவதைக் கண்டனர். புல்லிலே பூச்சி உண்டாகின்றது. வெறுந்தரையிலே அதைப் பறவை பிடிக்க முடிகின்றது. நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியில் 2005ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுக்கே உரிய வல்லூற்றைத் திராட்சைத் தோட்டங்களிற் குடியேற்றினார்கள். வல்லூறு பறக்கும் தோட்டத்தில் பழம் தின்னும் பறவைகள் குறைந்தன. ஊர்க்காரருக்குப் பழம் மிஞ்சியது, அருகி வந்த வல்லூற்றுக்கு வீடு கிடைத்தது.

ஒரே பயிரை மலை முழுவதும் இடைவெளியின்றி நட்டால் நேர்வது யாதென்பதை இலங்கையர் ஆகிய நாம் அயல்நாட்டாரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியிலே செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. காலப்போக்கில் நாட்டின் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அந்நோயை ஆராய 1880இல் இங்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர், காற்றைத் தடுக்க இடையிலே மரமோ காடோ இன்றிக் கோப்பியை மட்டும் தொடர்ச்சியாக நட்டதே நோய் பரவ வழிவகுத்தது என்று எடுத்துக் காட்டினார். கோப்பி போன மலையில் தேயிலை வந்தது. நம் முன்னோர் தேயிலைக்காரராகிய வரலாற்றில் அந்தச் செம்மஞ்சள் பொடிக்கும் பங்குண்டு.

இனி நமது மாகாணத்தை நோக்குவோம். தெற்கே சிங்கராசவனம், 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட காடு. வடகிழக்கே சிவனொளிபாத மலைக் காடு. 1940இல் சரணாலயமாகி, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் ஒரு கூறாகியது. இவற்றின் ஓரங்களிலேயே இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் பல இருக்கின்றன. காட்டுக்கும் லயத்துக்கும் இடையே சில இடங்களில் ஓர் ஓடை மட்டுமே உண்டு. காட்டின் அடிவாரத்தில் பயிரிடுவோர்க்கு வனவிலங்கு விருந்தாளியன்று, அயலவர். கம்பம் பள்ளத்தாக்கினர் இதனை 2023 மே மாதத்தில் நன்கு உணர்ந்தார்கள். கேரளத்தில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருக்களிலேயே நடந்தது. சூன் மாதத்தில் அதனை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு சென்றனர்.

நமது மலைக்கு எக்கொடி ஏற்றது? என் விடை மிளகு. தமிழர்க்கு இது புதிய பயிரன்று. பழந்தமிழில் கறி என்றாலே மிளகுதான். உரோமாபுரி வணிகர் நம் கடற்கரைக்குப் பொன்னோடு வந்ததும் அதற்காகவே. திராட்சையை எது கெடுக்கின்றதோ அதுவே மிளகை வாழ்விக்கின்றது என்பதுதான் இதிலே எனக்கு வியப்பூட்டும் செய்தி. சிறிது காலம் வெயில் காய்ந்து பின் மழை பெய்தவுடன் மிளகு பூக்கும். தொங்கும் சரத்தின் வழியே மழைநீர் மேலிருந்து கீழே வழிகையில், மகரந்தமும் அதனோடு இறங்கிப் பூக்களைச் சேர உதவுகின்றது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரி, காவத்தை ஆகிய பகுதிகளின் கீழ்ச்சரிவுகளும் நடுச்சரிவுகளும் இதற்கு உகந்தவை. உச்சி மலைத் தோட்டங்களுக்கு இது பொருந்தாது. உயரம் கூடக் கூடக் காய்ப்புக் குறையும். அவர்களுக்குரியதைப் பின்னர் சொல்வேன்.

திராட்சைக்குக் கல்தூணும் கம்பியும் வேண்டும். மிளகுக்கு உயிருள்ள மரமே தூண். கிளிரிசீடியா என்று நாம் வழங்கும் சீமைக்கிளுவையின் ஆளுயரத் தடியொன்றை மழைக்காலத்தில் ஊன்றினால் அது வேர் விட்டுவிடும். இலத்தீன் மொழியில் அதன் பெயருக்கு எலிகொல்லி என்று பொருள். இலையோ ஆட்டுக்குத் தீனி, மண்ணுக்குப் பசளை! தடிக்குத் தடி 2.4 மீற்றர், அதாவது எட்டு அடி இடைவெளி வேண்டும் என்பது ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பரிந்துரை. மரம் வேரூன்றிய பின், அதன் அடியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குழி வெட்டி, வேர்விட்ட நாற்றை நட்டு, நுனியை மரத்தோடு மெதுவாகக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு வாழைநார் போதும். நீர் தேங்கினால் வேர் அழுகிக் கொடி சில நாட்களிலேயே வாடி மடியும். ஆதலின் சரிவிலே கான் வெட்டும் கலையை அறிந்த நம் மக்களுக்கு அதிலே முற்கூறு உண்டு. மூன்றாம் ஆண்டிலே சில சரங்கள் தோன்றும். முழுப்பலன் காண ஐந்தாறு ஆண்டுகள் செல்லும்.

இந்த ஐந்தாறு ஆண்டுகளிலேதான் சிக்கல் அனைத்தும் அடங்கியிருக்கின்றது. தோட்டத்துத் தொழிலாளி தான் குடியிருக்கும் லயத்துக்கு உரிமையாளன் அல்லன். அருகிலே கொத்திப் பயிரிடும் துண்டு நிலமும் அவனுடையதன்று. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. பின்னர் நீண்டகாலக் குத்தகைகள் எழுதப்பட்டன. அவற்றுள் எதிலும் அந்தத் துண்டு நிலத்தைக் கொத்துபவனின் பெயர் இல்லை. ஆறாம் ஆண்டில் இந்த நிலம் தன் கையில் இருக்குமோ இராதோ என்று ஐயுறுபவன் மிளகு நடமாட்டான். மூன்று மாதத்தில் பறிக்கத்தக்க போஞ்சியை நடுவான். மரவள்ளியும் வத்தாளையும் நடுவான். இவற்றைக் காட்டுப்பன்றி மிக விரும்பும். ஓர் இரவிலே ஒரு குடும்பத்தின் மூன்று மாத உழைப்பை அது கிளறிப் போட்டுவிடும். அவன் என் செய்வான்? வேலியோரத்தில் கம்பியைச் சுருக்கிட்டு வைக்கின்றான்.

சுருக்குக்கம்பிக்குப் பன்றி எது, பிற எது என்று தெரியாது. சிவனொளிபாத மலையின் மறுபுறத்தே, நல்லதண்ணீர் இலக்சபானைத் தோட்டப் பகுதியில், 2020 மே மாதத்தில் அத்தகைய கம்பியொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. இந்நாட்டில் காண்பதற்கு மிக அரிய விலங்கு அது. மீட்டு நம் மாகாண எல்லையிலுள்ள உடவளவைக்குச் சிகிச்சைக்காகக் கொண்டு சென்றனர். சில நாட்களுள், மே 29ஆம் திகதி, அது அங்கே இறந்தது. நாடெங்கும் அப்போது எழுந்த துயரம் நேர்மையானது, ஐயமில்லை. ஆயினும் கம்பி வைத்த கைகளைக் கடிந்த குரல்கள் கேட்ட அளவுக்கு, அந்தக் கைகள் ஏன் கம்பியை எடுத்தன என்று வினவிய குரல்கள் கேட்கவில்லை. எங்கள் வகுப்பறைக்கு ஒரு நாள் சிறுவன் ஒருவன் துருப்பிடித்த கம்பி வளையமொன்றை விளையாட்டுப் பொருள்போல் கொண்டு வந்தான். ஓடையோரத்தில் கிடந்ததாம். அவ்வழியேதான் நாற்பது பிள்ளைகள் நாள்தோறும் பள்ளிக்கு நடந்து வருகின்றார்கள்.

மிளகின் கிழங்கென்று தோண்டித் தின்ன எதுவுமில்லை. பன்றி மண்புழுவுக்காக அடிமண்ணைக் கிளறலாம், கொடியைத் தின்பதில்லை. உறைக்கும் பச்சைக்காயைக் குரங்கு நாடி வருவதில்லை. நன்கு சிவந்து பழுத்ததைக் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் கொத்தும். அது அவற்றின் கூலி என்று விட்டுவிடலாம். சரத்தில் ஓரிரு மணி சிவந்தவுடனே நாம் பறித்துவிடுவதால் கூலியும் பெரிதாகாது. ஆகவே மிளகு நட்ட நிலத்துக்குக் கம்பி வேண்டுவதில்லை. விலை ஏறும், இறங்கும். அதனை மறைக்க வேண்டியதில்லை. எனினும் காய்ந்த மிளகு விலை ஏறும் வரை சாக்கிலே காத்திருக்கும், போஞ்சி காத்திராது.

அண்மைக் காலத்துத் தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி கிடைத்தது. பின்னர் வந்த திட்டத்தில் 10 பேர்ச் என்று வகுத்துள்ளனர். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடும் வழியும் கானும் போக எஞ்சுவதில் பத்துப் பன்னிரண்டு கொடிகள் வைக்கலாம். அது சிறிதென்று நகைப்பவர் உண்டு. உறுதியுள்ள நிலத்தில் நிற்கும் பன்னிரண்டு கொடி, உறுதியில்லாத நிலத்தில் நிற்கும் அரை ஏக்கர் மரக்கறியைவிடப் பெரிது என்பது என் கருத்து. நூறு வீடுகள் வரிசையாக உள்ள குடியிருப்பில் வேலிதோறும் இவ்வாறு நட்டால் 1,200 மரங்கள் ஆகும். திணைக்களத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேயருக்கு வேண்டிய கொடிகள் ஏறத்தாழ 1,700 தாம். எனவே யாருடைய காணியையும் பிடுங்காமல், வேலிகளிலேயே ஒரு தோட்டத்தின் பெரும்பகுதி தோன்றிவிடும். ஆயின் அந்த 7 பேர்ச்சுக்கும் உறுதிப்பத்திரம் கையில் வர வேண்டும். அதனைக் கேட்கும் குரல் மிளகு நடுவோரின் குரலாகவும் இருத்தல் வேண்டும்.

வேலிமரங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. தேவாங்கை நேயர்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். கைக்குள் அடங்கும் உடலும், விளக்குப்போன்ற கண்களும் உடைய அந்தச் சிறு விலங்கு இரவிலே பூச்சி தின்று வாழ்வது. அதனால் குரங்கைப்போல் தாவ இயலாது. கிளையிலிருந்து கிளையை எட்டிப் பிடித்தே செல்லும். இரு மரங்களுக்கிடையே கைக்கெட்டாத இடைவெளி இருப்பின் அதன் உலகம் அங்கே முடிந்துவிடும். தரையில் இறங்கினால் நாயின் வாயில் விழும். கொடி படர்ந்த வேலிமரங்கள் கிளை கோத்து நின்றால் காட்டுக்கும் காட்டுக்குமிடையே அதற்கு அதுவே பாலமாகும். ஆகையால் கிளிரிசீடியாவை மழைக்காலத்தில் வெட்டும்போது எல்லா மரங்களையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டுங்கள். சுவிற்சர்லாந்துக்காரர் பாதிப் புல்லைப் பறவைக்கு விட்டதைப்போல, நாம் பாதிக் கிளையைத் தேவாங்குக்கு விடுவோம். தேயிலைக்கிடையே பழைய முள்முருக்கு நிற்குமிடங்களில் அதனையும் காத்தல் நன்று. அது சிவப்பாய்ப் பூக்கும் நாட்களில் தேன்சிட்டும் இலங்கைக்கே உரிய சிறு கிளியும் அதைத் தேடி வரும்.

பறித்த மிளகைப் பற்றி ஒரு சொல். சரத்திலிருந்து உதிர்த்த காயைக் கூடையிலிட்டு, கொதித்திறக்கிய நீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கியெடுத்துப் பாயிலே உலர்த்தினால் ஒரே சீராகக் கறுக்கும். ஈரம் நீங்கப் பல நாள் வெயில் வேண்டும். சாணம் மெழுகிய தரையிலும் தெருவோரத்திலும் உலர்த்துவதைக் கைவிட வேண்டும். வாங்குபவர் மண்ணைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

உச்சித் தோட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்லுகின்றேன். மிளகு காய்க்காத குளிரிலே ஊதா நிறக் கொடித்தோடை காய்க்கும். தோற்றத்தில் திராட்சைப் பந்தலை ஒத்த பந்தலை விரும்புவோர் இதனிடம் அதைக் காணலாம். இரு கம்பங்களுக்கிடையே கம்பியோ கயிறோ கட்டிப் படர விட்டால், ஓராண்டு சிறிது கடந்ததும் பூக்கும். நீர் தேங்காத மண்ணும் காற்றுக்கு ஒரு மறைப்பும் வேண்டும். இதன் மகரந்தம் பாரமானது, ஒட்டுந்தன்மையுடையது. காற்று அதைச் சுமந்து செல்லாது. அவ்வேலைக்குப் பருத்த உடலுடைய கருவண்டே ஏற்றது. தாழ்நிலத்து மஞ்சள் வகைக்கு அவ்வண்டு வராவிட்டால் காயே இல்லை. ஊதா வகை தானாகவும் காய்க்கும். வண்டு வந்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும். அந்த வண்டு பட்டுப்போன மரத்தைத் துளைத்து உள்ளே கூடு கட்டுவது. ஆதலின் பந்தலுக்கு அருகே உலர்ந்த கிளையோ பழைய மரத்துண்டோ இருந்தால், விறகுக்கென்று அதை உடனே எடுத்துவிடாதீர்கள். கூரைக் கைமரத்தைத் துளைக்கின்றதே என்று அதை அடிப்பவரும் உண்டு. வெளியே அதற்கென ஒரு கட்டை கிடந்தால் அது கூரைக்கு வருவது குறையும்.